சாம்பல் துரையின் சுண்டு விரல்

மளிகைக் கடைக்காரர் புது வருஷக் காலண்டரைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். வீடு வந்து சேரும்வரை பொறுமையில்லை. பஸ்ஸிலேயே ரப்பர் வளையத்தை உருவிவிட்டு விரித்தேன். படத்தை நான் பார்க்கவில்லை. மூக்கைத்தான் கொண்டுபோனேன். மை. ஆளிவிதை எண்ணெயில் குழைத்த, இன்னும் முழுசாகக் காயாத மை. பக்கத்து இருக்கை அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நகரட்டும். ஐம்பதை நெருங்குகிற ஒருத்தி பிள்ளையார் படத்தை மோந்து பார்த்தால் யாராயிருந்தாலும் நகரத்தான் செய்வார்கள். அந்த ஒரு மூச்சில் எனக்குள் முதலில் மஞ்சள் வந்தது, அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம், கடைசியில் கறுப்பு. அந்த வரிசை மாறாது. மாறாத வரிசைகள் சிலவற்றில் இதுவும் ஒன்று.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் நிலம் ஆனைக்குட்டம் பக்கம். படிப்புக்காக என்னைச் சிவகாசியில் மாமா வீட்டில் விட்டிருந்தார்கள். மாமா, அம்மாவின் தம்பி, ஒரு அச்சகத்தில் படம் வரைகிறவர். தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டு லேபிள், ஊதுபத்தி அட்டை, சாமி காலண்டர், எல்லாம் அவர் கைப்பட்டுத்தான் வெளியே போகும். வண்ணத்துக்கு ஒரு தகடு. ஒவ்வொரு தகட்டிலும் அந்த வண்ணம் விழ வேண்டிய இடத்தை மட்டும் கறுப்பு மையால் வரைய வேண்டும். அதையும் வலம் இடமாக, இடம் வலமாக, கண்ணாடியில் தெரிவதுபோல் வரைய வேண்டும். தாளில் அச்சாகும்போதுதான் அது நேராகும். இருபது வருஷம் அப்படியே வரைந்து வரைந்து மாமாவுக்கு உலகமே திரும்பிப்போயிருந்தது. மளிகைச் சீட்டைக்கூடக் கண்ணாடி எழுத்தில் எழுதிவிடுவார். அத்தை அதை அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துக்கொண்டு, "ஒங்களைக் கட்டிக்கிட்டதுக்கு நானும் ஒருநா தலைகீழா நடக்கப் போறேன் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே படிப்பாள்.

அந்த அச்சகத்தில் மாதம் இரண்டு முறை ஒரு படக்கதைப் புத்தகம் வந்தது. இருபத்துநாலு பக்கம், நாலு வண்ணம், வைத்த கண் வாங்க முடியாத கதை. சுடர்க்கையர் என்று ஒரு கூட்டம். ஏதோ ஒரு நாட்டில், பிறக்கும்போதே உள்ளங்கையில் வெளிச்சத்தோடு பிறந்துவிட்டவர்கள். ஒருத்தி சுவரில் கையை வைத்தால் அந்தப் பக்கம் தெரியும். ஒரு கிழவன் கையை நீட்டினால் பெய்கிற மழை நடுவானத்திலேயே நிற்கும். ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி தொட்டால் எந்தப் பூட்டும் திறக்கும். இத்தனை இருந்தும் ஊருக்குள் அவர்களுக்கு இடமில்லை. பாழடைந்த கல்குவாரியில் பதுங்கிக் கிடந்தார்கள். அவர்களைத் தேடிப் பிடித்துப் பள்ளத்தில் தள்ளி மூடுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன் சாம்பல் துரை. சாம்பல் கோட்டு, சாம்பல் கையுறை. ஒவ்வொரு ஊர் வாசலிலும் நின்றுகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்துவான். அவனுக்கு ஒரே ஒரு வசனம்தான்: "கையைக் காட்டு!"

ஏழெட்டு இதழாக அவன்தான் ஜெயித்துக்கொண்டே வந்தான்.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் அவன்தான் ஜெயித்தான், ஏனென்றால் அங்கே அவன் நான். அச்சகத்தில் கழித்துப்போட்ட தாள்களை மாமா புத்தகத்துக்கு அட்டை போடக் கொண்டுவந்து தருவார். அதனால் அடுத்த இதழின் கதை கடைக்கு வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அடுத்த கதை தெரிந்தவளை எதிர்த்து யார் விளையாட முடியும்? வகுப்புக்கு லீடரும் நானே. இடைவேளை மணி அடித்ததும் இடது கையை இடுப்பில் ஊன்றி, முகவாயைத் தூக்கி, வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்பேன். "கையைக் காட்டு!" சுடர்க்கையராக விளையாடுகிறவர்கள் வீட்டிலிருந்து மஞ்சள்தூள் கொண்டுவந்து உள்ளங்கையில் பூசிக்கொள்வார்கள். அகப்பட்டவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலிருந்த வறண்ட ஓடைப் பள்ளத்தில் மணி அடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

பேச்சிக்கு மஞ்சள்தூள் தேவைப்படவில்லை.

பேச்சி என் பெஞ்சுக்காரி. அவளும் அவள் அம்மாவும் தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கம்பி மத்தாப்புக்கு மருந்து முக்குகிறவர்கள். அம்மா தினமும் போவாள், பேச்சி சனி ஞாயிறுகளில். மருந்தில் கலக்கிற வெள்ளிப் பவுடர் அவள் கைரேகைகளுக்குள் இறங்கிக் குடியேறியிருந்தது. எத்தனை தேய்த்தாலும் போகாது. வெயிலில் அவள் கையை விரித்தால் உள்ளங்கை முழுக்க மெல்லிய ஆறுகள் மினுமினுத்து ஓடும். அப்படி ஒன்றை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, அதற்குப் பின்னும் இல்லை.

"எங் கை ஒரிஜினலுடி" என்பாள். "ஒங்க மஞ்சத்தூளெல்லாம் மூக்கச் சொறிஞ்சாலே போயிரும்."

அவளுக்கு ஆரம்பத்தில் அந்த விளையாட்டு அவ்வளவு பிடித்திருந்தது. முதலில் அகப்படுவதும் அவள்தான். பள்ளத்தில் ராணிபோல் இறங்கி உட்கார்ந்துகொள்வாள்.

ஒருநாள் இடைவேளையில் ஓடிவந்து தண்ணீர்ப் பானையில் டம்ளரைவிட்டு மொண்டாள். நான் அந்த நேரம் முழுத் துரையாக நின்றுகொண்டிருந்தேன். கையை நீட்டி, கட்டைக்குரலில் சொன்னேன்: "சுடர்க்கையர் பானையைத் தொடக்கூடாது!"

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சியும் சிரித்தாள். டம்ளர் வாய்ப் பக்கம் போய்விட்டது. அப்போது என் படையிலிருந்த ஒருத்தி, நான் சொல்லாமலே, பானையைச் சாய்த்துத் தண்ணீர் முழுவதையும் தரையில் கொட்டினாள். பேச்சியின் சிரிப்பு பாதியில் நின்றது. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். கொட்டின தண்ணீர் அவள் கால்விரல்களைச் சுற்றிக்கொண்டு போனது.

அந்த வசனம் எந்த இதழிலும் இல்லை. சாம்பல் துரை பானையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினவனில்லை. அது எங்கிருந்து என் வாய்க்கு வந்தது என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை. ஆனைக்குட்டத்தில் எங்கள் மாட்டுத்தொழுவத்து ஆணியில் வேலையாட்களுக்கென்று தனியாக ஒரு டம்ளர் தொங்கும். அது அங்கே தொங்குவது சூரியன் கிழக்கே வருவது மாதிரிதான் எனக்கு.

மறுநாள் பேச்சி வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. காய்ச்சலாம் என்றாள் ஒருத்தி. இல்லை, கம்பெனி லாரியில் தினமும் போகிறாள், நான் பார்த்தேன் என்றாள் இன்னொருத்தி. ஒரு வாரம் கழிந்து, திங்கட்கிழமை டீச்சர் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே விரலை வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"லீடர், நீ போய்ச் சொல்லு. அடுத்த திங்கக்கிழமையும் வரலைன்னா பேரை அடிச்சிருவேன். அப்புறம் நிரந்தரமா மருந்து முக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

சரி டீச்சர் என்றேன். அன்று போகவில்லை. என்ன சொல்லிக்கொண்டு அவள் முன்னால் நிற்பது? அதுவுமில்லாமல் அந்த வாரம் என் மனசு வேறொன்றில் மாட்டியிருந்தது.

தீபாவளி சீசன். லேபிள் ஆர்டர்கள் குவிந்து அச்சகத்தில் உட்கார இடமில்லாமல், படக்கதைத் தகடுகளை மாமா வீட்டுக்கே கொண்டுவந்து வரைந்துகொண்டிருந்தார். முந்தின ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் தகடு. அந்த இதழின் நடுப்பக்கம் முழுவதும் ஒரே படம். கோட்டை வாசலில் துரையும் பூட்டுத் திறக்கிற சிறுமியும் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவருமே வலது கையை உயர்த்தியிருக்கிறார்கள். துரையின் கை கையுறைக்குள், நில் என்று. சிறுமியின் கை வெறுங்கையாக, எரிந்தபடி. எரிகிற அந்தக் கையை நிஜக் கையின் அளவுக்கு வரைய வேண்டும், ரேகையெல்லாம் தெரிய வேண்டும்.

"மருமகளே, இங்க வா. கையைக் காட்டு" என்றார் மாமா. "அசையாத. மூச்சு மட்டும் விட்டுக்கிடலாம்."

"படிக்கிற பிள்ளைய நிப்பாட்டி வச்சுப் படம் போடுதீகளாக்கும்" என்றாள் அத்தை அடுப்படியிலிருந்து. "அவளுக்குப் பதிலா நீங்க போயிப் பரீட்ச எழுதுவீகளா?"

"எழுதுவேன். திருத்துறவருதான் கண்ணாடி வச்சுப் பாக்கணும்."

நான் நின்றேன். பழக்கம் பாருங்கள், கையைக் காட்டு என்றதும் இடது கை தானாக இடுப்புக்குப் போனது, முகவாய் தானாக உயர்ந்தது. மாமா என்னைப் பார்ப்பார், தகட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். முடிய ஒரு மணி நேரமானது. என் வலது கைச் சுண்டு விரல் குழந்தையில் கதவிடுக்கில் நசுங்கி வெளிப்பக்கமாக வளைந்தது. அதையும் அப்படியே வரைந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை மஞ்சள் அச்சான கழிவுத் தாளை மாமா கொண்டுவந்து தந்தார். மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து விரித்தேன்.

எப்படிச் சொல்வேன்? மலிவுப் புத்தகம், முகங்களுக்கெல்லாம் மஞ்சளைச் செலவழிக்க முதலாளி விடமாட்டார். வெளிச்சத்துக்கு மட்டும்தான் மஞ்சள். அதனால் அந்த வெள்ளைத் தாளில் கோட்டை இல்லை, குவாரி இல்லை, வானம் இல்லை. மனிதர்களே இல்லை. உள்ளங்கைகள் மட்டும் மிதந்துகொண்டிருந்தன. பக்கம் பக்கமாக, சின்னதும் பெரியதுமாக, யாருடையது என்று தெரியாத எத்தனையோ வெளிச்சங்கள். சாம்பல் துரை அன்று பிறக்கவே இல்லை. அவனுக்கு முன்னால், அவன் கோட்டுக்கும் கையுறைக்கும் முன்னால், அவன் வேட்டையாடுகிறவர்கள் வந்து தாளில் உட்கார்ந்துவிட்டார்கள். உலகம் இப்படித்தான் உண்டாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

நடுப்பக்கத்தில், என் கை. வளைந்த சுண்டு விரலோடு, என் கையைவிட அழகாக. நான் சுடர்க்கைச் சிறுமியாகிவிட்டேன்! பேச்சியிடம் இதைச் சொல்லலாம், நானும் உன் கட்சிதான் என்று சொல்லலாம். அந்த நினைப்பில் அன்று தூக்கம் பிடிக்கவில்லை.

புதன்கிழமை சிவப்பு வந்தது. சிறுமியின் பாவாடை சிவப்பு என்று எனக்குத் தெரியும். பாவாடை தாளின் இடது பக்கம் இருந்தது. கை வலது பக்கம் இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாவாடைக்கும் கைக்கும் நடுவில் ஒரு முழ வெள்ளை.

வியாழக்கிழமை நீலம். வானம் இருண்டது. அந்த இருட்டு என் கையைச் சுற்றி ஓர் உயரமான உருவத்தை விட்டுவிட்டு நின்றது. தோள் அகலம். கோட்டின் விளிம்பு.

வெள்ளிக்கிழமை நானே அச்சகத்துக்கு ஓடினேன். கறுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தாளும் உருளையில் சுற்றி வெளியே வந்து விழ, விழுகிற ஒவ்வொரு தாளிலும் சாம்பல் துரை உயர்ந்த தொப்பியோடும் சிரிப்போடும் பிறந்து பிறந்து விழுந்தான். உயர்த்திய அவன் கையுறைக்குள் என் கை எரிந்தது. கையுறையின் கறுப்புக் கோட்டுக்குள் அடங்காமல் சுண்டு விரல் மட்டும் வெளியே பிதுங்கி நின்றது. எதிரே சிறுமியின் கை வெறும் வெள்ளைத் தாளாக, யாருடைய கையையும்போல் இருந்தது.

முதலாளி ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். முகம் மாறியது.

"என்னய்யா இது? தொரை கையில எப்படிய்யா வெளிச்சம் வந்துச்சு?"

மாமா பார்த்தார். வலமும் இடமும் அவருக்குள் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தது தெரிந்தது. துரையைப்போல் நின்ற என்னைப் பார்த்து வரைந்த கையை, துரையின் இடத்திலேயே வரைந்துவிட்டிருந்தார்.

"கை தப்பிப்போச்சு மொதலாளி."

"நல்லாத் தப்புச்சு. நாலு கலரும் அடிச்சாச்சு, சாயந்திரம் லோடு ஏறணும். போகட்டும் விடு. எவன் பாக்கப் போறான்?"

நான் பார்த்தேன். கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மறுநாள் சாயங்காலம் கழிவுத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு, கம்பெனி லாரி வந்து நிற்கிற முக்குக்குப் போனேன். அதற்குமேல் தள்ளிப்போட நாளில்லை. திங்கட்கிழமைக்கு நடுவில் ஒரு ஞாயிறு மட்டும்தான் இருந்தது.

லாரி மேற்கேயிருந்து வந்தது. திரும்பியபோது சாய்ந்த வெயில் மொத்தமும் அதன் பக்கவாட்டில் விழுந்தது. உள்ளே நின்றுகொண்டிருந்த பெண்களும் பிள்ளைகளும் விழுந்துவிடாமல் பலகையை இறுகப் பிடித்திருந்தார்கள். முப்பது, நாற்பது, எத்தனை கைகளோ! அத்தனையும் வெள்ளி. முழங்கைவரை வெள்ளி. முகங்கள் தெரியவில்லை, புடவை நிறம் தெரியவில்லை, கைகள் மட்டும் வரிசையாக எரிந்துகொண்டு என்னை நோக்கி வந்தன. மாடிப்படியில் பார்த்த மஞ்சள் தாளை யாரோ உண்மையிலேயே இந்தப் பூமியில் அச்சடித்துவிட்டார்கள். ஓட வேண்டும்போலவும் இருந்தது, அங்கேயே விழுந்து கும்பிட வேண்டும்போலவும் இருந்தது.

பேச்சியின் அம்மா முதலில் இறங்கினாள்.

"என்ன தாயி, இங்கன வந்து நிக்கீக? வீட்டுல தேட மாட்டாகளா?"

பின்னாலேயே பேச்சி குதித்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "என்னடி?" என்றாள்.

"டீச்சர் சொன்னாக. திங்கக்கெழம வராட்டிப் பேர அடிச்சிருவாகளாம்."

"அடிக்கட்டும்."

ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வார்த்தையெல்லாம் போய்விட்டது. தாளை நீட்டினேன். "இந்தா. அடுத்த புஸ்தகம். இன்னும் கடைக்கு வரல."

ஆசை அவளை இழுத்தது. கையை நீட்டினவள் பாதியில் நிறுத்தினாள். "எங் கை பட்டா ஒட்டிக்கிரும். நீயே பிடி."

இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். அவள் குனிந்து பார்த்தாள். துரையை, சிறுமியை, சிறுமியின் வெறுங்கையை, கையுறைக்குள் எரிகிற கையை, வெளியே பிதுங்கின சுண்டு விரலை. பிறகு அவள் பார்வை தாளின் ஓரத்துக்கு வந்தது, அங்கே பிடித்துக்கொண்டிருந்த என் சுண்டு விரலுக்கு. மறுபடி படத்துக்குப் போனது. அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன், இல்லையென்றால் காறித் துப்புவாள் என்று நினைத்தேன்.

"பாவம்டி இந்தத் தொரை" என்றாள் மெதுவாக. "இம்புட்டு நாளும் கைய மூடியே வச்சிருந்திருக்காரு. உள்ள எம்புட்டு வேர்த்திருக்கும்!"

"ஏட்டி!" என்று அவள் அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். "யாரப் போயி 'டி' போட்டுப் பேசுத? ஆனைக்குட்டத்துல ஒங்க தாத்தா ஏர் உழுத வீட்டுப் பிள்ளடி அது."

பேச்சி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள், இரண்டு வருஷம் ஒரே பெஞ்சில் பார்க்காத எதையோ பார்ப்பதுபோல்.

அதற்கப்புறம் எல்லாம் நல்லதாகவே நடந்தது என்றுதான் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். முதலாளி சொன்னது பொய்யாகி, துரையின் கையில் வெளிச்சமா என்று ஊர் ஊராகக் கடிதம் வந்தது. கதை எழுதுகிறவர் கெட்டிக்காரர். அச்சுப்பிழை என்று சொல்லாமல் அதையே கதையாக்கிவிட்டார். அடுத்த இதழில் துரை தன் கோட்டை வாசலுக்கு வருகிறான். அவனுடைய காவல்காரனே ஈட்டியைக் குறுக்கே நீட்டி, "கையைக் காட்டு" என்கிறான். அந்த இடத்தோடு தொடரும். எங்கள் பள்ளத்தில் அப்புறம் ஓணான்கள்தான் உட்கார்ந்தன. துரையாக நிற்க ஒருத்தியும் முன்வரவில்லை.

பேச்சி வந்தாள். திங்கட்கிழமை முதல் மணிக்கே வந்தாள். துணியால் வாயடைத்த ஒரு சோடா பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். முழுப்பரீட்சை முடியும்வரை தினமும் கொண்டுவந்தாள். வெயிலில் அந்தப் பச்சைக் கண்ணாடி அவள் வெள்ளிக் கைக்குள் அப்படி மின்னும். அதேபோல் எனக்கும் ஒரு பாட்டில் வேண்டுமென்று அத்தையிடம் நான் அழுது புரண்டேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் முக்கிலிருந்து நான் வீட்டுக்கு ஓடியது இறக்கை முளைத்துத்தான். ஜெயித்துவிட்டேன், அவள் வருகிறாள். அதோடு, பேச்சி என்னிடம் அப்படி மரியாதையாகப் பேசியது அதுதான் முதல் தடவை. நான் பெரிய மனுஷியாகிவிட்டேன் என்று உள்ளுக்குள் பூரிப்பாகக்கூட இருந்தது. அவள் அம்மாவோடு நாலடி போய்விட்டுத் திரும்பி, வெள்ளிக் கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"திங்கக்கெழம வாரேன்னு டீச்சர்ட்ட சொல்லீருங்க. பானையத் தொட மாட்டேன்."